காய்ச்சல் யாருக்கு?

பொண்ணோட பள்ளிக்கூடத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "வென் ஃபீவரிஷ், ஐ கிவ் ஹர் ஹாஃப் எ டேப்லட்." நர்ஸம்மா போன் போட்டுக் கேட்டார்: "காய்ச்சல் உங்களுக்கா, அவளுக்கா?" சிரிப்பு வந்தது. மருந்து விஷயமாச்சே என்று பயமும் வந்தது.

புத்தூரிலிருந்து திருப்பதி போய் வந்தால், "வடமாலபேட்டை தாண்டும்போது மழை பிடிச்சுக்கிச்சு" என்போம். தாண்டியது நாம்தான், மழையல்ல, யாருக்கும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் 'ஒய்ல் கிராஸிங் வடமாலபேட்டை, தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்று முதல் எழுவாயை விழுங்கினால், பின்னால் வரும் எழுவாய்தான் அங்கேயும் வந்து உட்காரும். மழையே ஊரைத் தாண்டிவிடும்! தமிழில் 'தாண்டி' என்ற வினையெச்சத்துக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. 'தாண்டும்போது' என்பதற்குக் கிடையாது.

இப்போதெல்லாம் 'வென் ஷி இஸ் ஃபீவரிஷ்' என்றே எழுதுகிறேன். ரெண்டு வார்த்தையை மிச்சம் பிடித்து என்ன கோட்டையா கட்டப்போகிறோம்?