பொம்மை உங்களுது... அச்சு யாருது?

தாயம் ஆடியிருப்பீங்க. பரமபதம் ஆடியிருப்பீங்க. அதுக்காக என்னிக்காவது யாருக்காவது ராயல்டி கட்டியிருக்கீங்களா? சிரிக்காதீங்க பாஸ். நம்ம நாட்டுப் பச்சீசியை அமெரிக்காவுல ஒரு கம்பெனி ‘பார்ச்சீசி’ன்னு பேர் வெச்சு 1874-லயே டிரேட்மார்க் வாங்கிடுச்சு. பேர் அவங்களுது ஆயிடுச்சு. ஆனா காயை எப்படி நகர்த்தணும்கிற விதி? அதை யாராலயும் பூட்டி வைக்க முடியலை. இந்த ஒரு வித்தியாசத்தை வெச்சுத்தான் எங்க காலேஜ் கேன்டீனுக்குப் பின்னாடி, வேப்பமரத்தடியில மூணு மாசமா சண்டை நடக்குது.

நாங்க ஆடுறது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-ல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் கொண்டுவந்த ஆட்டம். ஒருத்தர் கதை சொல்லணும். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா மாறிடணும். கதவை உடைக்கிறியா, காவல்காரனை ஏமாத்துறியா... எதுவா இருந்தாலும் இருபது முகப் பகடையை உருட்டித்தான் முடிவு. யார் எங்கே நிக்கிறாங்கன்னு காட்ட குட்டி குட்டி பொம்மைகள். அவ்வளவுதான். கரன்ட்கூட வேண்டாம்!

எங்க கதை ‘பொன்னியின் செல்வன்’ காலத்துல நடக்குது. ஆனா மதுரைப் பசங்களாச்சே... வந்தியத்தேவனா ஆட ஒருத்தனும் ரெடி இல்லை. அத்தனை பேரும் பாண்டிய ஆபத்துதவிகள்! யானைமலை அடிவாரத்துல சதி, சமணர் மலையில பதுங்கல்னு கதை களைகட்டிடுச்சு. ‘இதையே நாற்பது பக்க புத்தகமாப் போட்டு, கூட ஆறு பொம்மை வெச்சு, டப்பாவுல அடைச்சு சிம்போசியத்துல வித்தா என்ன?’ன்னு ஒருத்தன் கேட்டான். அங்கே ஆரம்பிச்சது வம்பு.

முதல்ல விதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை இப்ப வெச்சிருக்கிறது விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி. ‘எங்க அடிப்படை விதிகளை வெச்சு யார் வேணும்னாலும் புத்தகம் போட்டு விக்கலாம்’னு 2000-ல ஒரு ஓப்பன் லைசென்ஸ் கொடுத்தாங்க. அதை நம்பி சின்னச் சின்னப் பதிப்பகங்கள் நிறைய முளைச்சது. 2023 ஜனவரியில புது லைசென்ஸோட வரைவு வெளியே கசிஞ்சது. பழசு இனி செல்லாது, வருஷத்துக்கு ஏழரை லட்சம் டாலருக்கு மேல வித்தா மேல வர்ற தொகையில 25 சதவிகிதம் வரைக்கும் எங்களுக்குன்னு அதுல இருந்தது. ஆடுறவங்க கொதிச்சுப் போய் அந்தக் கம்பெனியோட ஆன்லைன் சந்தாக்களை கேன்சல் பண்ணித் தள்ளினாங்க. அதே மாசம் 27-ம் தேதி கம்பெனி இறங்கி வந்தது. பழைய லைசென்ஸ் அப்படியே இருக்கும், அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ்ல போட்டுட்டோம்னு அறிவிச்சாங்க. எங்க டப்பாவுக்கு அது போதும். மூலம் எதுன்னு ஒரு பக்கத்துல சொல்லிட்டா விதிகளை நாங்க தாராளமா எடுத்துக்கலாம்.

நம்ம நாட்டுக் கோர்ட்டும் இந்த ஏரியாவுக்குள்ள வந்திருக்கு. கொல்கத்தாவைச் சேர்ந்த அகர்வாலா சகோதரர்கள் இணையத்துல ‘ஸ்க்ராபுலஸ்’னு ஒரு வார்த்தை விளையாட்டை விட்டாங்களே, ஞாபகம் இருக்கா? ஸ்க்ராபிள் உரிமை வெச்சிருந்த மேட்டல் கம்பெனி கேஸ் போட்டது. 2008 செப்டம்பர்ல டெல்லி உயர் நீதிமன்றம், அந்த ஆட்டத்தோட போர்டுக்கு காப்பிரைட் கேட்க முடியாது, ஆனா ஸ்க்ராபிளை ஒத்த பேர் வைக்கக் கூடாதுன்னு இடைக்கால உத்தரவு போட்டது. பார்ச்சீசி கதையேதான்!

அடுத்து படம். இங்கேதான் நம்மாளுங்க அசால்ட்டா இருப்பாங்க. கல்கியோட எழுத்து நாட்டுடைமை. கதையை எடுத்துக்கலாம். ஆனா வந்தியத்தேவன்னதும் உங்க கண்ணு முன்னாடி ஒரு முகம் வருதே, 1950-ல தொடங்கி தொடருக்கு மணியம் வரைஞ்ச முகம்... அது தனிச் சொத்து. அவர் மறைஞ்சது 1968-ல. நம்ம சட்டப்படி வரைஞ்சவர் இறந்து 60 வருஷம் காப்பிரைட் உண்டு. ஆக, 2028 முடியுற வரைக்கும் அந்தப் படங்கள்ல கை வைக்க முடியாது. (கார்த்தி போட்டோவைப் போட்டுரலாம்னு ஐடியா கொடுத்தவனை அன்னிக்கே டீ வாங்க அனுப்பிட்டோம்.)

‘ஏ.ஐ.கிட்ட கேட்டா ரெண்டு நிமிஷத்துல தந்துரும்’னு அடுத்த குரல். அந்த அமெரிக்கக் கம்பெனியே இதுல சூடு பட்டிருக்கு. 2023-ல வந்த ராட்சதர்கள் பற்றிய புத்தகத்துல ஒரு ஓவியர் ஏ.ஐ. உதவியோட செஞ்ச படங்களை ஆடுறவங்களே கண்டுபிடிச்சுக் கேள்வி கேட்க, இனி ஓவியர்கள் அதைத் தொடக் கூடாதுன்னு கம்பெனி சொல்லிடுச்சு. எங்க செட்ல நல்லா வரையுற தோழி ஒருத்தி இருக்கா. அவளே வரைஞ்சா. பிரச்னை முடிஞ்சது.

முடியாத பிரச்னை, பொம்மை!

வெளிநாட்டு மினியேச்சர் ஒண்ணு வாங்குற காசுல நாலு நாள் புரோட்டா சாப்பிடலாம். அதனால முதல்லேர்ந்தே எங்களுக்கு விளாச்சேரிதான். பசுமலை தாண்டி, திருப்பரங்குன்றம் பக்கத்துல இருக்கிற ஊர். உங்க வீட்டுக் கொலுவுல நிக்கிற தசாவதாரம் செட், கல்யாண செட், கிரிக்கெட் செட் எல்லாம் அங்கே பிறந்ததா இருக்கலாம். சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்கு கொலு, கிறிஸ்துமஸுக்கு குடில் பொம்மைன்னு மண்ணைக் குழைச்சே வாழுற குடும்பங்கள். அந்த பொம்மைகள் எங்க ஆட்டத்துக்குக் கொஞ்சம் பெரிசு. பரவாயில்லைன்னு தரையில சாக்பீஸால மூணு இஞ்ச் கட்டம் போட்டுக்கிட்டோம்.

டப்பாவுக்காக ஆபத்துதவி பொம்மை கேட்டு ஒரு அண்ணன்கிட்ட போனோம். குறிப்பைக் கேட்டுட்டு, கையாலயே ஒரு உருவம் பிடிச்சுக் காட்டினார். கையில தீப்பந்தம், இடுப்புல குறுவாள், கழுத்தை மட்டும் லேசா திருப்பி யாரையோ பார்க்கிற மாதிரி. அந்தக் கழுத்துத் திருப்பம் நாங்க சொன்னது இல்லை. “அச்சு எடுத்துட்டா நூறும் ஒண்ணுதான் தம்பி. இந்த முதல் பொம்மைதான் வேலை”ன்னார்.

அப்புறம் ஷெல்ஃப்லேர்ந்து ரெண்டு பொம்மையை எடுத்து வெச்சார். ஒரே மாதிரி இருந்தது. உத்துப் பார்த்தா ஒண்ணு கொஞ்சம் குள்ளம், மூக்கு மழுங்கல். பெரிசு அவர் செஞ்சது. அதுல ஒண்ணை யாரோ விலைக்கு வாங்கிட்டுப் போய், அதுமேலயே அச்சு எடுத்து வித்த காப்பி சின்னது. மண்ணு காயும்போதும் சுருங்கும், சூளையில வேகும்போதும் சுருங்கும். அதனால சுட்ட பொம்மையிலேர்ந்து எடுத்த காப்பி எப்பவுமே ஒரு சுத்து சின்னதா வரும். நாங்க மெட்டீரியல் சயின்ஸ்ல படிக்கிற ஷ்ரிங்கேஜ், அங்கே திருட்டுக்கு சாட்சி!

சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினா தலை சுத்துது. காப்பிரைட் சட்டம் பிரிவு 15-ன்படி, டிசைனா பதிவு பண்ணக்கூடிய ஒரு உருவத்தைப் பதிவு பண்ணாம ஐம்பது தடவைக்கு மேல உற்பத்தி பண்ணிட்டா, அதுமேல இருந்த காப்பிரைட் போயிடும். அவரே செஞ்சு வித்தாலும் போயிடும்! ஒரு கொலு சீசனுக்கு ஐம்பது எந்த மூலைக்கு? பொம்மை சிற்பமா, டிசைனாங்கிற கேள்வி வேற இருக்கு. கலைப்படைப்பு எங்கே முடியுது, டிசைன் எங்கே ஆரம்பிக்குதுன்னு பார்க்க 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் கொடுத்தது. அது எரிவாயு டிரெய்லரோட எஞ்சினீயரிங் டிராயிங் சம்பந்தப்பட்ட கேஸ். அந்த அளவுகோலைத் தூக்கிக்கிட்டு நம்ம அண்ணன் எந்தக் கோர்ட் படி ஏறுவார்? பிரிட்டன்ல கேம்ஸ் ஒர்க்‌ஷாப்னு ஒரு மினியேச்சர் கம்பெனி, தன் பொம்மைகளுக்குப் பொருந்துற உதிரி பாகங்களைச் செஞ்சு வித்தவங்க மேல 2010-ல அமெரிக்கா வரைக்கும் போய் வழக்குப் போட்டது. 2013-ல ஜூரி சிலதை இவங்களுக்கும் சிலதை அவங்களுக்கும் தீர்ப்பு சொன்னது. அவ்வளவு தூரம் போக வக்கீல் பட்டாளம் வேணும். இங்கே சூளை பத்த வெச்சா அதை விட்டு நகர ஆள் கிடையாது.

இந்த நேரத்துலதான் எங்க மெக்கானிக்கல் நண்பன், “மாப்ள, அந்த பொம்மையை போன்ல ஸ்கேன் பண்ணி, 3டி பிரின்டர்ல அடிச்சுருவோம். சுருங்கவும் செய்யாது, உடையவும் செய்யாது”ன்னான். சட்டம் தடுக்காதுன்னும் வாதாடுறான். அவன் சொல்றது பாதி உண்மையாகூட இருக்கலாம். மண் குறுவாள் ரெண்டு ஆட்டத்துல முறிஞ்சுதான் போகுது. ஆனா 25 சதவிகிதம் கேட்ட கம்பெனியை மூணு மாசமா அதிகமாத் திட்டுனதும் இவனேதான். அவங்களாவது வரைவு போட்டு சதவிகிதம் கேட்டாங்க. நாம அந்த அண்ணன்கிட்ட கேட்கக்கூடப் போறதில்லைன்னா, திட்டுறதுக்கு வாய் எங்கேர்ந்து வருது?

கைகாக்ஸ் கதையே இதுக்கு சாட்சி. ஆரம்பத்துல அரக்கர்களுக்கு மினியேச்சர் கிடைக்காம, ஹாங்காங்ல செஞ்ச மலிவு பிளாஸ்டிக் பொம்மை பாக்கெட் வாங்கினார். அந்த விசித்திர உருவங்களைப் பார்த்துத்தான் ‘அவுல்பேர்’, ‘ரஸ்ட் மான்ஸ்டர்’ எல்லாம் பிறந்தது. ஐம்பது வருஷமா விதிப்புத்தகத்துல அந்த அரக்கர்கள் இருக்காங்க. முதல் மோல்டு செஞ்ச தொழிலாளி பேர்தான் இல்லை.

ஓட்டெடுப்புல நாலுக்கு ரெண்டுன்னு ஸ்கேன் தோத்துச்சு. ஒரு டப்பாவுக்கு இவ்வளவுன்னு ராயல்டி தர்றோம்னு போய் நின்னோம். அண்ணன் சிரிச்சார். “அதை எந்த மாசம் எண்ணித் தருவீங்க? தை, மாசியில கை சும்மா இருக்கும். அப்ப அட்வான்ஸோட ஆர்டர் கொடுங்க, போதும்.” சரின்னுட்டோம். கூடவே, ஆபத்துதவியை அவர் பேர்ல டிசைனா பதிவு பண்றதுன்னு முடிவு. செலவு எங்க ஆறு பேர் பொறுப்பு. கிடைச்சா பத்து வருஷம், அதுக்கு மேல அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம். ஒரே கண்டிஷன்... பதிவுக்கு விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த உருவம் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது.

கட்டுரை வாங்கும்போது, “பொம்மை போட்டோ எங்கேப்பா?”ன்னு ஆசிரியர் ரெண்டு தடவை கேட்டார். தரலை.