ஒரு நிமிடச் சித்திரம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. முகம் கண்டு மனம் அறியும் திறத்தைக் குறிப்பறிதல் எனப் பெயரிட்டு, பொருட்பாலில் ஒன்றும் இன்பத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்களை வகுத்தார் வள்ளுவர். அரசவைக்கும் காதலுக்கும் முகம் பார்த்தல் இன்றியமையாதது என்பது அவர் கருத்துப் போலும். ஆயின், மத்திய அரசின் எழுத்தராகக் கோப்புகளுக்கிடையே காலந்தள்ளும் நமக்கு, மேசைக்கு எதிரே நிற்பவரின் கையெழுத்துத் தெரியும். பிறந்த தேதி தெரியும். முகம் மட்டும் மனத்தில் தங்குவதில்லை.

பெங்களூர்–ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில் குப்பத்தை அடுத்துள்ள சிற்றூர் குடுபல்லி. தமிழகமும் கருநாடகமும் ஆந்திரத்தோடு கைகோக்கும் மூலை அது. ஒரே தெருவில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒலிக்கும். அங்கு ஒரு பொங்கல் கூடலுக்குச் சென்றிருந்தோம். மாற்றலாகி வந்த குடும்பங்கள் ஒரு வரிசையிலும், ஊர்க்காரர்கள் மற்றொரு வரிசையிலும் அமர்ந்திருந்தனர். நடுவே ஒரு பாய் அகலமே இடைவெளி. அதைத் தாண்டத்தான் எவருக்கும் மனமில்லை.

அப்போது இளம் ஆசிரியர் ஒருவர் எழுந்து, எல்லோர் கையிலும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தார். முன்பின் அறியாத இருவர் எதிரெதிரே அமர வேண்டும். ஒரு நிமிடத்திற்குள் ஒருவர் முகத்தை மற்றவர் வரைய வேண்டும். தாளைப் பார்க்கலாகாது, பென்சிலை எடுக்கலாகாது. வரைந்து முடித்ததும் பெயரெழுதி, எதிரிலிருப்பவரிடமே கொடுத்துவிட வேண்டும். அவ்வளவே விதி. “கோலம் போடச் சொல்லுங்கள், போடுகிறோம், படமா?” என்று பெண்கள் நகைத்தனர்.

இவ்விளையாட்டு புதிதன்று. தாளைப் பாராமல் உருவின் விளிம்பை மட்டும் கண்ணால் தொடரும் பயிற்சியை அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கோலாய்டிஸ் கற்பித்தார். அவர் மறைவுக்குப் பின் 1941இல் வெளிவந்த நூல் அதனைப் பரப்பியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாப் மெக்கிம், பக்கத்திலிருப்பவரை விரைந்து வரையுமாறு மாணவரைப் பணித்தார். டிம் பிரவுன் என்னும் வடிவமைப்பாளர் 2008இல் ஓர் அவையில் அதனைச் செய்து காட்டினார். நேரம் வெறும் முப்பது விநாடி. வரைந்ததைக் காட்டும்போது பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். சிறுவர்களோ பெருமையோடு நீட்டுவார்கள் என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை.

நமக்கு வாய்த்த இணை ஊர்ப்பாட்டி ஒருவர். கைநாட்டு வைப்பவர். தாள் என்றாலே அவருக்கு அச்சம். பிறர் எழுதியதற்கு அடியில் விரல் பதிக்கும் இடமாகவே அதனை அறிந்தவர். பென்சிலை உலக்கை பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடமும் இமையாது நம்மை நோக்கினார். வந்த படத்தில் ஒரு காது நெற்றிக்கு ஏறியிருந்தது. மூக்கு வாயைத் தாண்டியிருந்தது. ஆனால் புருவங்களுக்கு நடுவே ஒரு கோட்டை மும்முறை அழுத்திக் கீறியிருந்தார். அதைத் தொட்டுக்காட்டி, “ஏன் சாமி, ராத்திரி தூக்கம் இல்லியா?” என்றார்.

நம் தந்தையார் நோய்ப்படுக்கையில் கிடந்த காலம் அது. அலுவலகத்தில் எவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அந்தப் பாட்டியிடம் சொன்னோம். அவர் தம் மகன் விடியற்கால ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போவதைச் சொன்னார். பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேச்சு நீண்டது. திரும்பிப் பார்த்தபோது வரிசைகள் கலைந்திருந்தன.

ஓவியம் மனிதரை இணைப்பது நம் நாட்டுக்குப் பழைய செய்தி. உஷை கனவில் கண்டவன் யாரெனத் தெரியாது வாடியபோது, தோழி சித்திரலேகை ஒவ்வொரு முகமாக வரைந்து காட்டி அநிருத்தனை அடையாளம் காணச் செய்தாள் என்பது புராணம். காளத்தியின் கலம்காரிக் கலைஞர் புளியங்குச்சிக் கரியால் துணியில் முதற்கோடு இழுக்கும் நேர்த்தி உலகறிந்தது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969இல் ஓவியர் ஆதிமூலம் தீட்டிய கோட்டோவியங்கள் இன்றும் பேசப்படுகின்றன. அவை கைத்திறனின் வெற்றிகள். ஒரு நிமிடச் சித்திரமோ கைத்திறன் இல்லாமையால் வெல்வது. யாருக்கும் சரியாக வராது. ஆகவே பட்டதாரியும் பாட்டியும் சமம். அயலார் முகத்தை உற்றுநோக்குவது வழக்கத்தில் நாகரிகமன்று. இங்கு அதற்கு அனுமதி உண்டு.

நம் சங்கக் கூட்டங்களிலும் இதனைச் செய்யலாம். பரிசு வேண்டா, பரிசு வந்தால் போட்டி வரும். விரும்பாதவரை வற்புறுத்தலும் வேண்டா. படத்தைச் சுவரில் ஒட்டிச் சிரிப்பதைவிட, அதற்குரியவர் கையில் கொடுப்பதே சிறப்பு. பழைய தாளும் சிறு பென்சிலும் போதும். செலவு ஒரு நிமிடம். வரவேற்புரையை அந்த ஒரு நிமிடம் சுருக்கிக்கொண்டால் வருந்துவார் யாருமிலர்.