கண்ணின் கீழ் ஒரு கருநிழல்

நாற்பது வயதைக் கடந்த ஆசிரியன் ஒருவன் கண்ணின் கீழே படரும் கருவளையத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், வாசகர்கள் நகைப்பார்கள் என்பதை நான் அறிவேன். அழகுக் குறிப்பு எழுதுவது எனது தொழிலன்று. ஆயினும் இவ்விடயத்தில் எனக்கு ஓர் உரிமை உண்டு. என் வீட்டிலே அந்த நிழலைப் படரவிட்டவன் நானே.

என் மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த காலம். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரையும் அவளது அறையில் விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தைக் காணும்போதெல்லாம் என் உள்ளம் பூரிக்கும். "நித்திரையை வென்றவனே பரீட்சையை வெல்வான்" என்று இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் செய்துவந்த உபதேசத்தை என் பிள்ளையே கடைப்பிடிக்கிறாள் என்ற பெருமிதம் எனக்கு. அவள் சோர்ந்து போகாதிருக்க, இராச் சாப்பாட்டோடு ஒரு தேநீரும் அதன்பின் இன்னொரு தேநீரும் தவறாமல் அவளுடைய மேசைக்குச் செல்லும். காலையிலோ, நேரமில்லை என்று ஒன்றும் உண்ணாமலே ஓடிவிடுவாள்.

மாதங்கள் சில சென்றன. ஒரு நாள் கண்ணாடியின் முன் நின்றவள், "அப்பா, என்னைப் பார்த்தால் வருத்தக்காரி மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். அவள் கண்களின் கீழே இரு பிறைகளாகக் கருமை படர்ந்திருந்தது. "படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு பதக்கம்" என்று சொல்லிவிட்டு நான் பத்திரிகையைப் புரட்டினேன். அவள் கேட்ட கேள்வி அதுவன்று என்பது அப்பொழுது எனக்கு விளங்கவில்லை.

வீட்டிலுள்ள பெண்கள் என்னைப்போல் வாளாவிருக்கவில்லை. அப்பாச்சி வெள்ளரிக்காயை வட்டமாக அரிந்து பேத்தியின் கண்களின்மேல் வைத்தார். மாமி உருளைக்கிழங்குச் சாறு நல்லதென்றார். அயலில் ஒருவர் தேசிக்காய்ச் சாற்றைப் பூசச் சொன்னார். அது எரிவை உண்டாக்கி, இரண்டு நாள் கண்ணின் கீழ்த் தோல் சிவந்து கிடந்தது. ஈற்றில் ஒரு நாள், அவளது மேசை லாச்சியிலே சிறிய பூச்சு டப்பா ஒன்றைக் கண்டேன். "ஏழு நாளில் வெண்மை" என்று அதன்மேல் எழுதியிருந்தது. செய்தவர் யார், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்துமில்லை. அதைக் கண்டபின்னரே நான் கண் விழித்தேன்.

முன்னொரு காலத்தில் என்னிடம் பயின்று, இன்று வைத்தியராய் விளங்கும் பெண் ஒருவரிடம் மகளை அழைத்துச் சென்றேன். அவர் கருவளையத்தைச் சிறிது நேரமே நோக்கினார். பின் கீழிமையை விரலால் மெல்லத் தாழ்த்தி உட்புறத்தைப் பார்த்தார். அது வெளிறிக் கிடந்தது. குருதிப் பரிசோதனை செய்தபோது, 12 கிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய ஈமோகுளோபின் 9.4 கிராமாக இருந்தது. இரும்புச்சத்துக் குறைவினால் உண்டாகிய குருதிச்சோகை.

"சேர், கண்ணுக்குக் கீழே உள்ள தோல் மிக மெல்லியது. அதனடியில் ஓடும் குருதிக் கலன்கள் நிழலாகத் தெரியும். முகம் வெளிறினால் அந்த நிழல் இன்னும் துலங்கும். நித்திரை குறைந்தாலும் அப்படித்தான்" என்று அவர் விளக்கினார். ஒவ்வாமையினால் மூக்கடைத்துத் தும்முகிறவர்களுக்கு அவ்விடத்திற் குருதி தேங்கிக் கருமை தோன்றும். அவர்கள் கண்ணைக் கசக்கக் கசக்க அது மிகும். வெயிலும் தோலைக் கறுக்கச் செய்யும். வயது ஏற ஏறக் கண்ணின் கீழ்க் குழி விழுவதால் நிழல் வீழ்வதுமுண்டு. சில குடும்பங்களில் அது பரம்பரையாக வருவது. அங்கே நோயுமில்லை, மருந்தும் வேண்டியதில்லை.

பின்னர் அவர் சற்றே புன்னகைத்து, "நித்திரையை வெல்லச் சொல்லி எங்களுக்கும் நீங்கள்தானே சொன்னீர்கள், சேர்?" என்றார். எனக்குத் தலை குனிந்தது. இவ்வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேர உறக்கமாவது வேண்டும் என்பதையும், பகலிற் படித்தவை மனத்திற் பதிவது உறக்கத்திலேதான் என்பதையும் என் மாணவியிடம் நான் பாடங்கேட்டேன்.

தேநீரைப் பற்றிய பாடம் அடுத்தது. உணவோடும் உணவின்பின் உடனேயும் பருகும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாது தடுக்கிறது. தேசிக்காய்ப் புளியோ அந்தச் சத்தை உடல் ஏற்க உதவுகிறது. ஆகவே முருங்கையிலை வறை, பயறு, கௌபி முதலியவற்றோடு புளி சேர்த்து உண்ணுமாறும், தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிப் பருகுமாறும் கூறினார். நனைத்துக் குளிரவைத்த தேயிலைப் பையைக் கண்ணை மூடி இமைமேற் சிறிது நேரம் வைத்தால், குளிர்ச்சியும் தேயிலையின் சத்தும் குருதிக் கலன்களைச் சுருக்கி, சில மணி நேரத்துக்கு நிழலைக் குறைக்கும். வெள்ளரிக்காயின் பயனும் அந்தக் குளிர்ச்சியே. கண்ணின்மேல் வைக்கவேண்டிய தேநீரை வயிற்றுக்கும், வயிற்றுக்குரிய தேசிக்காயைக் கண்ணுக்கும் கொடுத்து வந்திருக்கிறோம் என்று எண்ணியபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

டப்பாவைக் கண்டதும் அவர் முகம் மாறியது. வெண்மை தருவதாகக் கூறும் இத்தகைய பூச்சுகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் நாடுகள் பல கூடி ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் கலந்த அழகுப் பூச்சுகளையும் ஒழிக்க முனைந்ததென்றால், அதன் கொடுமையை நாம் உணரலாம்.

வைத்தியர் தந்த இரும்புச்சத்துக் குளிசைகளை மகள் மாதக்கணக்கில் விழுங்கினாள். பத்து மணிக்கே அவளது அறையின் விளக்கு அணைந்தது. கைத்தொலைபேசி கூடத்திலேயே உறங்கியது. படியேறினால் மூச்சு வாங்கும் களைப்பு நீங்கியது. முகத்திற் செம்மை திரும்பியது. கருமை பெரிதும் குறைந்தது, முற்றாக மறையவில்லை. எஞ்சிய மெல்லிய நிழலை அப்பாச்சியின் பழைய புகைப்படத்தில் ஒருநாள் அவளே கண்டுபிடித்தாள். "இது அப்பாச்சியின்ரை. இருக்கட்டும்" என்றாள். அதன்பின் அவள் கண்ணாடியிடம் எதுவும் கேட்டதில்லை.

கருவளையம் கண்ட பிள்ளைக்குப் பெற்றோர் வெள்ளரிக்காய் தேடுவதில் தவறில்லை. ஆனால் களைப்பும் வெளிறலும் உடனிருந்தால், அல்லது ஒரு கண்ணின் கீழ் மட்டும் கருமையோ வீக்கமோ தோன்றினால், வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. வகுப்பிலே எனது பழைய உபதேசத்தை நான் நிறுத்திவிட்டேன். சோர்ந்த கண்களைக் கண்டால், "இரவு நித்திரை கொண்டாயா? காலையிற் சாப்பிட்டாயா?" என்றே இப்பொழுது கேட்கிறேன். சில பிள்ளைகள் அதற்கு மறுமொழி சொல்லாமல் தலை குனிகிறார்கள். அவர்களை இடைவேளையில் அழைத்துப் பேசுகிறேன்.