மாறி, தரவு வகை... கொஞ்சம் கணக்கு வழக்கு

ப்ரோகிராமிங் சொல்லித்தரும் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு டப்பா வந்துவிடும். மாறி (அதாவது வேரியபிள்) என்பது பெயர் ஒட்டிய டப்பா, அதற்குள் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கலாம் என்பார்கள். தப்பில்லை. ஆனால் டப்பாவோடு நின்றுவிட்டவர்களுக்கு இரண்டாவது வாரமே தலை சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. இத்தனைக்கும் காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பிளஸ் ஒன்னிலேயே பழகிப்போன சமாச்சாரம்!

பேரேட்டில் ரொக்கக் கணக்கு என்று ஒரு தலைப்பு இருக்கிறது. தலைப்பு மாறாது. அதிலுள்ள இருப்பு மட்டும் தினமும் மாறிக்கொண்டே இருக்கும். மாறி என்பதும் அதேதான். பைத்தான் மொழியில் இப்படி எழுதலாம்:

இருப்பு = 5000
இருப்பு = இருப்பு + 500

(பைத்தான் 3இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், சமர்த்தாக ஓடும்.) இரண்டாவது வரியைப் பார்த்ததும் கணிதம் படித்தவர்கள் பதறுவார்கள். ஒரு எண் எப்படித் தன்னைவிட 500 அதிகமான எண்ணுக்குச் சமமாக இருக்க முடியும்? முடியாதுதான். ஆனால் இங்கே '=' என்பது சமம் இல்லை. வலது பக்கக் கணக்கை முதலில் போடு, வந்த விடையை இடது பக்கப் பெயரில் எழுது என்று அர்த்தம். தொடக்க இருப்பு 5000, வரவு 500, இறுதி இருப்பு 5500. கடைக்காரர் தினமும் ராத்திரி கல்லாவை மூடும்போது செய்கிற வேலை.

ஒரே ஒரு வித்தியாசம். பேரேட்டில் பழைய பதிவு அப்படியே இருக்கும். மாறியில் பழைய மதிப்பு போயே போச்சு. 5500ஐ எழுதிய கணத்தில் 5000 அழிந்துவிடும், கரும்பலகை மாதிரி. ஆடிட்டர் வந்து கேட்டால் காட்ட ஒன்றும் மிஞ்சாது. பழைய மதிப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே வேறொரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, தரவு வகை? இதற்கும் பதில் கணக்குப் பதிவியலிலேயே இருக்கிறது. குறிப்பேட்டில் எத்தனை பத்தி? நாள், விவரம், பேரேட்டுப் பக்க எண், பற்று, வரவு. பற்றுப் பத்தியை எல்லாரும் கூட்டுகிறார்கள். பேரேட்டுப் பக்க எண் பத்தியிலும் எண்கள்தான் இருக்கின்றன, அதை யாராவது கூட்டிப் பார்த்ததுண்டா? பார்க்க எண் மாதிரி இருப்பது வேறு, எண்ணாகப் பயன்படுவது வேறு. இந்த வித்தியாசம் மனுஷனுக்குச் சொல்லாமலே தெரிகிறது. கம்ப்யூட்டருக்குச் சொன்னால்தான் தெரியும். அப்படிச் சொல்வதற்குப் பெயர்தான் தரவு வகை.

ஆரம்பத்தில் நான்கு வகை தெரிந்தால் போதும். முழு எண் (இன்ட்), தசம எண் (ஃப்ளோட்), எழுத்துச் சரம் (ஸ்ட்ரிங்), உண்மை அல்லது பொய் (பூலியன்). 12ஐயும் 5ஐயும் முழு எண்களாகக் கொடுத்துக் கூட்டச் சொன்னால் 17 வரும். அதே இரண்டையும் மேற்கோள் குறிக்குள் போட்டு எழுத்தாகக் கொடுத்தால் 125 வரும்! கம்ப்யூட்டர் அசடு இல்லை. எழுத்துகளைக் கூட்டு என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டத்தானே முடியும்?

அப்படியானால் செல்போன் எண் எந்த வகை? இரண்டு பேருடைய எண்களைக் கூட்டினால் ஏதாவது அர்த்தம் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். வராது. ஆகவே அது எழுத்துச் சரம். சென்னையின் எஸ்.டி.டி. கோடு 044ஐ எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் பறந்துபோய் 44 ஆகிவிடும். இதாவது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். எக்ஸெல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். சம்பளப் பட்டியல் போடுகிறவர்கள் அந்தப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு உட்காருவது சும்மா இல்லை.

இனி தசம எண். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை முழிக்கிற இடம் இது. பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பழுது ஒன்றுமில்லை. மூன்றில் ஒரு பங்கை நாம் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறதே, அதேபோல் பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதினால் முடியவே முடியாது. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். விஞ்ஞானிக்கு அந்தத் துளி பொருட்டில்லை. கணக்கரின் இருப்புச் சோதனை டேலி ஆகாது!

அதனால்தான் பணத்தை ஃப்ளோட்டில் வைக்காதே என்பார்கள். ஒன்று, பைத்தானின் டெசிமல் மாதிரி இதற்கென்றே உள்ள வகையைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணாக வைக்கலாம். ரேஸர்பே போன்ற பணப் பரிமாற்றச் சேவைகளுக்கு 299 ரூபாயை 29900 என்றுதான் அனுப்ப வேண்டும்.

அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. ஜாவாவில் இன்ட் என்பது 32 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. பார்க்கப் பெரிசாகத்தான் இருக்கிறது. பைசாவில் வைத்தால் வெறும் 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம் ரூபாய். பஜாரில் இருக்கிற ஒரு பெரிய ஜவுளிக் கடையின் வருஷ விற்பனை அதைத் தாண்டிவிடும். தாண்டினால் கூட்டுத்தொகை சட்டென்று மைனஸில் போய் நிற்கும். 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வை எண்ணிக்கை இதே எண்ணை நெருங்கியதால்தான் 2014இல் யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது. அரியான் 5 ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று கிளம்பி 40 வினாடிக்குள் சிதறியதற்கும் காரணம், 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்ததுதான்.

ராக்கெட்டாவது ஊரறிய வெடித்தது. காமர்ஸ்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய கதை சத்தமே போடாத ஒன்று. கனடாவில் அப்போது வான்கூவர் பங்குச் சந்தை இருந்தது. 1982 ஜனவரியில் ஒரு புதிய குறியீட்டை 1000 புள்ளியில் தொடங்கினார்கள். பங்கு கைமாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பழைய மதிப்பை எடுத்துப் புது மதிப்பைக் கணக்கிடும். இருப்பு = இருப்பு + மாற்றம், அதே வரிதான். விடையை மூன்று தசம இடத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். நான்காவது இடத்தில் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் மூன்றாவதை ஒன்று கூட்டுவதுதான் முறை. ஆனால் அந்த ப்ரோகிராம் அப்படி முழுதாக்கவில்லை, வெட்டி எறிந்தது. பைத்தானில் 9.99ஐ இன்ட் ஆக்கினால் 10 வராமல் 9 வருகிறதே, அதே ரகம்.

ஒருமுறை வெட்டினால் போவது ஆயிரத்தில் ஒரு பங்கு புள்ளிகூட இல்லை. யார் கண்ணில் படும்? ஆனால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3,000 முறை வெட்டு. ஒவ்வொரு வெட்டும் கீழ்நோக்கி மட்டுமே. மேலும் கீழுமாக இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு புள்ளிக்கு மேல் கரைந்தது. பழைய மதிப்பு அழிந்துவிடுவதால் நேற்றைய பிழையின் மேல்தான் இன்றைய கணக்கு. இப்படி 22 மாதம்! பங்குகளின் விலை ஒட்டுமொத்தத்தில் சரியாமலே குறியீடு பாதியாகிவிட்டது.

1983 நவம்பர் 25, வெள்ளிக்கிழமை குறியீடு 524.811இல் முடிந்தது. பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது வந்த எண் 1098.892. திங்கட்கிழமை சந்தை திறந்தபோது குறியீடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. நடுவே இருந்த சனி, ஞாயிறில் அங்கே ஒரு பங்குகூடக் கைமாறவில்லை.