பதினைந்து கிலோ ஆப்பிரிக்கா

கலியாணத்துக்குப் பெட்டி கட்டுவது ஒரு வித்தை. காசிக்குப் பெட்டி கட்டுவது வேறொரு வித்தை. இரண்டும் நம் வீடுகளில் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் சிங்கத்தைப் படம் பிடிக்கப் போகிறவன் எப்படிப் பெட்டி கட்டவேண்டும் என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் யாரைப் போய்க் கேட்பது?

என் அக்காவின் பிள்ளை கென்யாவுக்குப் புறப்பட ஏற்பாடு செய்தபோது இந்தப் பிரச்னை வந்தது. மாசாய் மாரா என்ற வனப் பிரதேசம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அங்கே காட்டுமாடுகள் லட்சக்கணக்கில் புல்லைத் தேடி வந்து ஆற்றைக் கடக்கும். முதலைகள் காத்திருக்கும். அவன் அம்மாவையும் அழைத்துப் போகிறான் என்று கேட்டதும் எனக்குப் பரம சந்தோஷம். அறுபத்தெட்டு வயதில், ஒரு கண்ணில் புரை எடுத்துவிட்டு, ஆப்பிரிக்கா பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது!

சந்தோஷம் இரண்டு நாள்தான். நைரோபியில் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சின்ன விமானங்கள் பறக்கின்றன. ஆளுக்கு 15 கிலோதான் அனுமதி. கைப்பையும் அதில் சேர்த்தி. பெட்டி கூடாது, மடங்குகிற துணிப்பையாக இருக்கவேண்டும். பையன் சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்திருந்த 600 மில்லிமீட்டர் லென்ஸ் மட்டும் மூன்று கிலோவுக்கு மேல். இரண்டு கேமரா, இன்னும் இரண்டு லென்ஸ், முக்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்தால் அவன் கட்டிக்கொள்ள வேட்டி எடுத்துப்போகக்கூட இடமில்லை.

"பெரிய லென்ஸ் அம்மா பையில் வரட்டும் மாமா" என்றான்.

"அதற்கென்ன, வைத்துக்கொள்ளேன். எனக்கு இரண்டு புடவை போதும்" என்றாள் அக்கா. அவள் எடுத்து வைத்திருந்த கம்பளிப் போர்வையும், முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணையும் அந்தக் கணமே பீரோவுக்குத் திரும்பிவிட்டன. தாய்மார்களிடம் இதுதான் தொல்லை. கேட்குமுன் கொடுத்துவிடுகிறார்கள்; கேட்டவனுக்கு, தான் என்ன கேட்டோம் என்று தெரியாமலே போய்விடுகிறது.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் லென்ஸைப் பற்றித் தெரியாமல் சண்டை போடக்கூடாதல்லவா? ஒரு வாரம் படித்தேன். விஷயம் அப்படியொன்றும் சிரமமில்லை. 50 மில்லிமீட்டர் ஏறக்குறைய நம் கண் காண்பது போலக் காட்டும். 600 அதைவிடப் பன்னிரண்டு மடங்கு கிட்டே இழுக்கும். ஆனால் இழுத்த அளவுக்குப் பார்வை குறுகியும் போகும். மாராவில் சிங்கம் வண்டி நிழலிலேயே வந்து படுத்துக்கொள்வது உண்டாம். அப்போது 600-ல் அதன் ஒரு கண் அகப்படும், சிங்கம் அகப்படாது. தூரத்து மிருகத்துக்குத்தான் அது என்றால், பத்து மணி வெயிலில் தரையிலிருந்து கானல் எழும்புகிறது. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸானாலும் கானலைக் கிழித்துக்கொண்டு பார்க்காது.

நம் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொண்டேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர்; 1996-ல் காலமாகும் வரை காட்டையும் மிருகங்களையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். பல கேமராக்களின் உறுப்புகளை ஒட்டுப்போட்டுத் தாமே ஒன்று செய்துகொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகளைப் பார்த்தால், யானை நம்மைப் பார்ப்பது தெரியும். அவரிடம் இருந்தது பொறுமை. அதற்கு எடை கிடையாது.

இதையெல்லாம் மருமானிடம் சொன்னேன். சிரித்தான். உபதேசம் செய்வதை விட்டுவிட்டு, "பிச்சாவரத்தில் ஒரு ஒத்திகை பார்த்துவிடேன்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை மூவரும் சிதம்பரம் போய், அங்கிருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் பிச்சாவரம் சேர்ந்தோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உப்பு நீரில் நிற்கும் காடு. துடுப்புப் படகில் முக்காலியை விரிக்கப் பார்த்தான். படகு ஆடியது, முக்காலியும் ஆடியது, அவனும் ஆடினான். லென்ஸைக் கையில் தூக்கிப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் தோள் கெஞ்சியது. வாய்க்கால் குறுகி, சுரபுன்னை வேர்கள் இரு பக்கமும் நெருங்கிய இடத்தில் அந்த 600 எதையும் முழுசாகக் காட்ட மறுத்தது.

"அதோ மீன்கொத்தி" என்றாள் அக்கா.

"எங்கேம்மா?"

"வேர் மேலே. போய்விட்டது."

ஒரு மணி நேரத்தில் இது ஏழெட்டுத் தடவை நடந்தது. கொக்கு, நீர்க்காகம், சேற்றில் குதிக்கிற மீன் எல்லாம் அவளுக்குத் தெரிந்தன. கண்ணாடிக்குள் கண்ணை வைத்திருந்தவனுக்கு ஒன்றுமில்லை. படகோட்டி கரையில் ஒரு மரத்தைக் காட்டி, "தில்லை மரம் தம்பி. பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், ஜாக்கிரதை" என்றார். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை அதுதான். பையன் கேமராவை மடியில் வைத்துவிட்டு, அன்று முதல் தடவையாக வெறும் கண்ணால் சுற்றிலும் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது புதுச்சத்திரம் தாண்டியதும் அவனே சொன்னான்: "பெரிசு வேண்டாம் மாமா."

சுமார் ஒன்றரை கிலோவில் ஒரு 100-400 லென்ஸ் ஒரு கேமராவில். கிட்டத்துக்கு 24-105 இன்னொன்றில். மாராவின் புழுதியில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் உள்ளே மண் போய்விடும் என்பதால்தான் இரண்டு கேமரா. அதை நான் ஆட்சேபிக்கவில்லை. முக்காலிக்குப் பதில், திருப்பாதிரிப்புலியூர் தையல்காரர் தைத்த கெட்டித் துணிப்பை ஒன்று. வெறும் பையாகக் கொண்டுபோய், அங்கே அரிசி வாங்கி நிரப்பி, வண்டி விளிம்பில் வைத்து அதன்மேல் கேமராவைச் சாய்த்துக்கொள்ளலாம். (அரிசியைப் பிறகு என்ன செய்வது என்ற கவலை அக்காவுக்கு.) கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, ஆகவே மற்ற சில்லறைச் சாமான்கள் எல்லாம் மஞ்சள் பையில். உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும், அது விமானச் சட்டம்.

போர்வையும் தலையணையும் பீரோவிலிருந்து திரும்பி வந்தன. அக்காவுக்கென்று அரைக் கிலோவில் ஒரு பைனாகுலரும் வாங்கிக் கொடுத்தான். அதிலிருந்து அவள் மொட்டை மாடியை விட்டு இறங்குவதில்லை. எதிர் வீட்டு வேப்பமரத்தில் செம்போத்து ஒன்று கூடு கட்டுகிறதாம். எதிர் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்பதும் தெரிகிறதாம்.