பிரபஞ்சம் - வழி: சத்திரம், திருவானைக்காவல், ஸ்ரீரங்கம்

எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் ஹோமியோபதி மாத்திரை கொடுப்பார். ஒருவர் ஜாதகம் பார்ப்பார். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா பிரபஞ்சம் பார்க்கிறார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். வாசம், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோடு பக்கம் ஒரு மாடி போர்ஷன். பிரபஞ்சம் ஒரு கொல்லன் துருத்தி என்பது அவருடைய தியரி. இப்போது விரிகிறது. ஒரு நாள் நிற்கும், சுருங்கும். சுருங்கி முடிந்ததும் மறுபடி விரியும். இதை லாங் சைஸ் நோட்டில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஊரில் உள்ள புரொபசர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புவார். பதில் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மூன்று வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்தில் அந்த நோட்டைப் பிடுங்கி, பந்தியில் நான் உரக்க வாசித்தேன். பாயசம் புரையேறச் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். கொஞ்சம் லேட்டாக.

போன மாதம் பெரியம்மாவிடமிருந்து போன். "ஜெராக்ஸுக்கும் தபாலுக்குமே பென்ஷன் போவுதுப்பா. நீ படிச்சவன். அது தப்புன்னு பக்குவமா சொல்லி நிறுத்திடு."

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினேன். கைவசம் ஒரு ஆயுதம் இருந்தது. அதன் பெயர் 1998.

"வாடா, உச்சிப் பிள்ளையாரைப் பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். நானூற்றுச் சொச்சம் படி. எழுபத்திரண்டு வயசுக்காரர் முன்னால் போக, ஏ.ஸி. ஆபீஸில் உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட நான் தாயுமானவர் சந்நிதி வாசலிலேயே பிரபஞ்சம் சுருங்குவதை உணர்ந்தேன்.

உச்சியில் நல்ல காற்று. ஒரு பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் தீவாக ஸ்ரீரங்கம். மூச்சு வந்ததும் ஆரம்பித்தேன்.

"பெரியப்பா, பிரபஞ்சம் விரியுதுன்னு 1929-ல ஹப்பிள் சொன்னது சரி. ஆனா விரிதல் வேகம் குறைஞ்சாதானே என்னைக்காவது திரும்பும்? 1998-ல ரெண்டு கோஷ்டி அளந்து பாத்தாங்க. வேகம் குறையல. கூடிக்கிட்டே போவுது. 2011-ல அதுக்கு நோபலும் குடுத்தாச்சு."

பெரியப்பா ரொம்ப நேரம் கொள்ளிடத்தைப் பார்த்தார். பிறகு ஃபிட்டர் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எதை வச்சு அளந்தான்?"

அங்கேதான் விஷயம் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் பிடித்து, காவிரியைத் தாண்டித் திருவானைக்காவலில் இறங்கினோம். நான் ஒன்று கவனித்திருக்கிறேன். ஒரே பஸ் ரூட்டில் மூன்று பிரபஞ்சக் கொள்கை இங்கே ஸ்டாப்பிங் போட்டிருக்கிறது. மலையில் சைவம்: பதி, பசு, பாசம் மூன்றுக்கும் ஆரம்பமே கிடையாது. திருவானைக்காவலில் பஞ்சபூதங்களில் நீர், ஜம்புகேஸ்வரர் லிங்கத்தடியில் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பிரபஞ்சம் என்பது பெருமாளின் திருமேனி. மூன்று கட்சிக்கும் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிறார், தகராறில்லை.

இந்தத் திருவானைக்காவலில்தான் 1888-ல் சர் சி.வி. ராமன் பிறந்தார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்த 1930-லேயே, அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர், பத்தொன்பது வயசில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்குப் போட்டார். எரிந்து ஓய்ந்து சுருங்கிய 'வெள்ளைக் குள்ளன்' நட்சத்திரம், சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு எடை வரைதான் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

"அந்த எல்லையை நெருங்கும்போது சில குள்ளன்கள் வெடிக்கும், பெரியப்பா. கிட்டத்தட்ட ஒரே எடையில வெடிக்கிறதால, வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மங்கலாத் தெரிஞ்சா தூரத்துல இருக்குன்னு அர்த்தம். அதுதான் அளவுகோல்."

"அப்ப என் துருத்தியை ஒடச்சது நம்மூர்க்காரர் வீட்டுப் பையன் போட்ட கணக்கு!" பெரியப்பா முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமை கூடுதலாக இருந்தது.

"அவரையும் லேசுல ஒத்துக்கல. 1935-ல லண்டன் கூட்டத்துல எடிங்டன்னு பெரிய ஆசாமி, நட்சத்திரம் இப்படி அபத்தமா நடந்துக்காதுன்னு கேலி பண்ணிட்டார். சபையே சிரிச்சுது. நோபல் வர 1983 ஆயிடுச்சு."

"சிரிச்சாங்களா?" என்றார் பெரியப்பா.

எனக்குப் பாயசம் ஞாபகம் வந்தது.

இப்போது அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 'அவரையும் சிரிச்சாங்க, என்னையும் சிரிச்சாங்க, அதனால நானும் சரி.' சொந்தத் தியரிக்காரர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேருகிற ஸ்டாப்பிங் அது. பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

பெரியப்பா சொன்னது வேறு. "அவர்கிட்ட கணக்கு இருந்துச்சுடா. என்கிட்ட துருத்திதான் இருக்கு. உவமையை எவன் அளந்து பாக்க முடியும்?"

தயாராக இருந்த பதிலை விழுங்கினேன்.

ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே போனோம். ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. 1987-ல் கட்டி முடிக்கும் வரை பல நூற்றாண்டு அது மொட்டைக் கோபுரம். அரைகுறையாக நிற்பது ஒன்றும் கேவலமில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

உள்ளே உடையவர் சந்நிதி. ராமானுஜர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் ஒரு முறை உண்டு. தன் சித்தாந்தத்தைச் சொல்லும் முன் பூர்வபட்சம், அதாவது எதிராளியின் வாதத்தை முழுசாக, வலுவாக எடுத்து வைப்பார். பிறகுதான் மறுப்பு. எதிராளி நோட்டைப் பிடுங்கிப் பந்தியில் பாதி வாசிப்பது அந்த முறையில் இல்லை.

வெளியே வந்து காபி சொன்னேன். "பெரியப்பா, நோட்டுல இருக்கறதை மொதல்லேர்ந்து சொல்லுங்க. நடுவுல பேச மாட்டேன்."

ஒன்றே கால் மணி நேரம் சொன்னார். இரண்டு காபி ஆறிப்போனது. பாதி தப்பு. ஆனால் பட்டறைத் தீயின் முன்னால் முப்பது வருஷம் நின்ற மனிதன், இதெல்லாம் ஒரு நாள் அணைந்தால் அப்புறம் என்ன என்று தூங்காமல் யோசித்தது அதில் இருந்தது. நான் ஒரு ராத்திரிகூட அப்படி யோசித்ததில்லை.

சொல்லி முடித்துவிட்டு, நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் பேனாவை வைத்தார், குறுக்கே கோடு போட.

பூர்வபட்சம் முழுசாகச் சொல்ல வேண்டும் என்றால் எனக்கும் அதே ரூல்தானே? பெரியம்மா மன்னிக்கட்டும். சொல்லிவிட்டேன்.

"இன்னொண்ணு இருக்கு. 2025 மார்ச்சுல, அமெரிக்காவுல அரிஸோனா டெலஸ்கோப்புல ஒன்றரைக் கோடி காலக்ஸி, குவேசார்களை அளந்தவங்க, பிரபஞ்சத்தைத் தள்ளற அந்த இருட்டுச் சக்தி காலப்போக்குல குறையுதோன்னு சந்தேகப்படறாங்க. சுருங்கும்னு சொல்லல. இன்னும் நிரூபணமும் ஆகல."

பெரியப்பா பேனாவை மூடினார். கடைக்காரரிடம் திரும்பினார்.

"தம்பி, ஒரு பென்சில் இருந்தா குடுப்பா."

பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். சென்னை திரும்பியதும் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். தபால் நின்றுவிட்டதாம். "இப்ப கணக்கு டியூஷன் போறேங்கறாருப்பா!" என்றாள்.