நிலுவைக் கோப்பு

மும்பையில் வாழும் எம்மைப் போன்ற அரசு ஊழியர் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது பெயரளவில்தான் விடுமுறை. காலையில் மாட்டுங்கா சென்று காய்கறியும் காப்பித்தூளும் வாங்குவது, மாலையில் கோயில் அல்லது சங்கக் கூட்டம், இரவில் ஊருக்குத் தொலைபேசி என்று அது கழிந்துவிடும். கணவனும் மனைவியும் தமக்கென ஒரு நாளை ஒதுக்குவது அரிதினும் அரிது. எங்கள் மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குச் சென்றிருந்த கடந்த மார்கழியில் அந்த அரிய வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது.

"வொர்லியில இருக்கிற அறிவியல் மையத்துக்குப் போவோமா?" என்றாள் என் மனைவி.

"அது குழந்தைகள் போகும் இடமாயிற்றே!"

"நமக்கும் டிக்கெட் கொடுப்பாங்க."

அன்டாப்ஹில் குடியிருப்பிலிருந்து பேருந்தில் தாதர் வந்து, மகாலட்சுமி நிலையத்தில் இறங்கி நடந்தோம். நேரு அறிவியல் மையம் 1985ஆம் ஆண்டு நவம்பரில் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியால் திறந்து வைக்கப்பட்டது. அதன் திறந்தவெளிப் பூங்கா அதற்கு முன்பே, 1979இல், மக்களுக்குத் திறக்கப்பட்டுவிட்டது. பிற காட்சிசாலைகளில் 'தொடாதீர்' என்னும் பலகை நம்மை வரவேற்கும். இங்கோ, தொட்டும் இழுத்தும் சுழற்றியும் பார்த்தாலன்றிப் பொருள் விளங்காது.

1964 மார்ச் 31ஆம் நாளோடு மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்ற டிராம் வண்டிகளுள் ஒன்று அங்கே நிற்கிறது. 1961இல் முதன்முதலாகப் பறந்த, நம் நாட்டிலேயே உருவான மாருத் வகைப் போர்விமானமும் நிற்கிறது. வரலாறு படித்த எனக்கு அவற்றைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. சொன்னேன், அவளும் பொறுமையாகக் கேட்டாள். அதற்குமேல் என் பட்டம் உதவவில்லை.

ஒரே கம்பியிலிருந்து தொங்கிய இரு ஊசல்களில் ஒன்றை அவள் ஆட்டிவிட்டாள். சற்று நேரத்தில் அது ஓய்ந்தது. அசையாதிருந்த மற்றொன்று ஆடத் தொடங்கியது. அருகில் நின்ற சிறுவன் ஒருவன் தன் தந்தையிடம் மராட்டியில் காரணம் கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். என் மனைவியோ குனிந்து, தனக்குத் தெரிந்த மராட்டியில், இரண்டும் ஒரே நீளம், ஆகவே ஓர் அலைவுக்கு ஆகும் நேரமும் ஒன்று, ஒன்றின் ஆற்றல் கம்பியின் வழியே மற்றதற்குப் போகிறது, சற்றுப் பொறுத்தால் திரும்பியும் வரும் என்று விளக்கினாள். அவள் சொன்னவாறே திரும்பி வந்தது. சிறுவன் கை தட்டினான். அவள் முகத்தில் அப்படியோர் ஒளியை நான் கண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிறகு, தொலைவில் எதிரெதிராக நிறுத்தப்பட்ட பெரிய குழிவட்டில்கள் இரண்டைக் கண்டோம். ஒன்றின் குவியத்தில் மெல்லப் பேசும் ஒலி, வட்டிலில் பட்டு இணைகதிர்களாகப் புறப்பட்டு, எதிர்வட்டிலின் குவியத்தில் மீண்டும் திரளும். பேசுபவரும் கேட்பவரும் தத்தம் வட்டிலை நோக்கி, ஒருவருக்கொருவர் முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். அவ்வாறே நின்றோம்.

குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே, காதருகில் நின்று சொல்வதுபோல் அவள் குரல் கேட்டது:

"நான் விட்ட படிப்பை முடிக்கணும்னு ஆசையா இருக்குங்க."

பாளையங்கோட்டையில் பௌதிகப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தவளைத்தான் நான் மணந்தேன். "படிப்பு நிற்காது, அங்கே சேர்த்துவிடுகிறேன்" என்று அவள் தந்தையிடம் வாக்களித்தவனும் நானே. மாற்றல், குடியிருப்பு, குழந்தை, என் தாயாரின் நோய் என்று ஒவ்வொன்றாக வந்தன, வாக்கு மறந்துபோயிற்று. அலுவலகத்தில் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு கோப்பு நிலுவையில் இருந்தால் விளக்கம் கேட்பார்கள். என் வீட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு கோப்பு கிடந்திருக்கிறது. ஒரு நினைவூட்டுக் கடிதம்கூட வரவில்லை.

"வீட்டில் ஏன் கேட்கவில்லை?" என்றேன் வட்டிலிடம்.

"நேரா கேட்டா உங்க முகம் கணக்குப் போட ஆரம்பிச்சிடும்."

உண்மைதான். செலவு, நேரம், வயது என்று எதிர்க்குறிப்பு எழுதுவதில் எனக்குப் பயிற்சி மிகுதி. அன்று என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகமும் எனக்குத் தெரியவில்லை.

"சேர்ந்துவிடு" என்றேன். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லுமாம். அச்சொல் கண்ணிமைக்கும் நேரத்தில் அவளை அடைந்திருக்கும். திரும்பிப் பார்த்தேன். அவள் உடனே திரும்பவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இவ்வாண்டு அவள் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். பழைய மதிப்பெண்கள் செல்லாதென்று சொல்லிவிட்டார்கள், முதலாண்டிலிருந்தே தொடங்கியிருக்கிறாள். செய்முறை வகுப்பு உள்ள ஞாயிறுகளில் மாட்டுங்கா செல்வதும் சமைப்பதும் என் பொறுப்பு. சாம்பாரில் உப்பு இன்னும் என் கைக்கு வசப்படவில்லை.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்த நம் இல்லங்கள் பலவற்றில் இத்தகைய கோப்பு ஒன்று இருக்கக்கூடும். நினைவூட்டுக்குக் காத்திராமல் அதை எடுத்துப் பாருங்கள்.